செவ்வகத்துக்கு வெளியே ஓர் ஏரி

இந்த ஆண்டு மழை பெய்யவில்லை என்ற அறிவிப்பை நான் ஒலிபெருக்கியில் வாசித்தபோது என் முழங்கால் வரை தண்ணீர் நின்றது. பெட்டியையும் பேட்டரியையும் மேசைமேல் ஏற்றியிருந்தேன். எங்கள் மூவருக்கும் மேசையில் இடமில்லாததால் நான் கீழே நின்றேன்.

“பெருங்கடல் நிலை தேசிய உயர்குழு அறிவிப்பது யாதெனில், நடப்பு ஆண்டு நடுநிலை ஆண்டு ஆகும். வடக்குக் கடற்கரையில் வழக்கமான வறண்ட வானிலையே நிலவுகிறது. பொதுமக்கள் தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.”

கடைசி வரியை வாசிக்கும்போது எதிர்வீட்டுக் கோழிக்கூண்டு கோழிகளோடு என் வாசலைக் கடந்து போனது. நான் நிறுத்தவில்லை. அரசாங்க அறிவிப்பை நடுவில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டும் என்பது விதி.

பெரு நாட்டு வரைபடத்தில் எங்கள் சாந்தா எலேனா மஞ்சள் நிறத்தில் இருக்கும். மஞ்சள் என்றால் மணல். செச்சூரா பாலைவனத்தின் நடுவே ஒரு தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம், ஒரு போலீஸ் சாவடி, கொஞ்சம் வீடுகள், என் ஒலிபெருக்கி. யார் வீட்டில் சோளக்கள் தயார், யாருடைய கழுதையைக் காணோம் என்பதெல்லாம் என் குரலில்தான் ஊருக்குப் போகும். லிமாவிலிருந்து பிள்ளைகள் பெற்றோரிடம் பேச என் போனுக்கு அழைப்பார்கள். பெற்றோர் நடந்து வந்து சேரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை கிடையாது. போனை அப்படியே மைக்கின் வாயில் வைத்துவிடுவேன். அதனால் எங்கள் ஊரில் குடும்ப ரகசியம் என்று எதுவும் இல்லை. சண்டைகளும் சீக்கிரம் தீர்ந்துவிடும், ஏனென்றால் தீர்ப்புச் சொல்ல ஊரே தயாராக இருக்கும்.

எங்கள் கடல் குளிர்ந்த கடல். தெற்கிலிருந்து வரும் நீரோட்டம் அதைச் சில்லென்று வைத்திருக்கும்வரை நெத்திலி கொழிக்கும், மழை வராது, நாங்களும் மழையை எதிர்பார்க்க மாட்டோம். எங்கள் கூரைகள் நிழலுக்குப் போட்டவை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கிறிஸ்துமஸ் வாக்கில் கடலுக்குப் புத்தி மாறும். வடக்கிலிருந்து வெந்நீர் இறங்கி வரும். நெத்திலி சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். சில்வண்டுகள் சோற்றுப் பானைக்குள் குதிக்கும். அப்புறம் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றும். அந்த ஆண்டு இவ்வளவும் வரிசை தப்பாமல் நடந்தது. கடலில் கால் வைத்தவர்கள் சூப்பில் கால் வைத்தது போல இருக்கிறது என்றார்கள்.

லிமாவில் இருக்கும் உயர்குழு காலை வைத்துப் பார்ப்பதில்லை. பெருங்கடலின் நடுவில், எங்கள் கரையிலிருந்து கப்பலேறி நாள்கணக்காகப் போனால் வரும் இடத்தில், அவர்கள் ஒரு செவ்வகம் வரைந்து வைத்திருக்கிறார்கள். அந்தச் செவ்வகத்தின் சூடு மூன்று மாதச் சராசரியில் அவர்கள் குறித்துவைத்த கோட்டைத் தாண்டினால் எங்களுக்கு மழை. தாண்டாவிட்டால் வறட்சி. அந்த ஆண்டு செவ்வகம் சமர்த்தாக இருந்தது, எங்கள் கரையோரம் மட்டும் கொதித்தது. கரையோரம் செவ்வகத்துக்கு வெளியே இருக்கிறது.

எடெல்மிரா யார்லெக்கே இந்தச் செவ்வகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை. அவள் ஆடு வளர்ப்பவள். கணவன் கசிமிரோ, கடற்கரையில் பரச்சிக்கே என்ற துறையில் நெத்திலி பிடிப்பவன். வெந்நீர் வந்ததும் நெத்திலி போனது, கசிமிரோ வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான். மழை வந்ததும் ஆறு கரை உடைத்தது. ஊருக்குள் நின்ற தண்ணீர் வடிந்துவிட்டது. வடிந்த தண்ணீரெல்லாம் எடெல்மிராவின் ஆடுகள் மேயும் பள்ளத்தில் போய்த் தங்கிவிட்டது. கண்ணுக்கெட்டிய தூரம் ஏரி. கருவேல மரங்களின் உச்சிக்கிளைகள் மட்டும் வெளியே தெரிந்தன. ஆடுகளை மணல்மேட்டில் ஏற்றி விட்டாள். அங்கே நின்று அவை அவளைத் திட்டுவது ஊர்வரைக்கும் கேட்டது.

கசிமிரோ தலையில் கை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான்.

“ஒரே கடலு. உன் வேலையையும் கெடுத்துச்சு, என் வேலையையும் கெடுத்துச்சு” என்றான்.

எடெல்மிரா ஏரியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “கெடுக்கலடா. உன் வேலை என் வேலை இருந்த இடத்துக்கு வந்திருக்கு. போய்ப் படகைக் கொண்டு வா.”

அவன் தன் தகப்பன் காலத்துப் படகை லாரியில் ஏற்றிப் பாலைவனம் வழியாகக் கொண்டு வந்தான். பக்கவாட்டில் ‘பிடிவாதக்காரி’ என்று பெயர் எழுதிய சின்னப் படகு. ஊரே வரப்பில் நின்று சிரித்தது. நானும் ஒலிபெருக்கியில், கப்பல் துறைமுகத்தைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறது, வழி தெரிந்தவர்கள் சொல்லவும் என்று அறிவித்தேன். மறுநாள் காலை அவர்கள் வலை நிறைய மடவை மீனோடு வந்தபோது எல்லாரும் சிரிப்பை நிறுத்திவிட்டு, பச்சை மீனை ஊறப்போட எலுமிச்சம்பழம் தேடினோம். கழிமுகம் நிரம்பிப் பாலைவனத்துப் பக்கம் திரும்பியபோது கூடவே வந்த மீன்கள் அவை. எங்கள் பாட்டன்கள் காலத்திலும் இப்படித்தான் வந்தன. அப்போது உயர்குழு இல்லாததால் யாரும் தடுக்கவில்லை.

இந்த ஏரி ஒரு பருவத்து விருந்தாளி. வெயில் அதைத் தினமும் கொஞ்சம் குடித்துக்கொண்டே இருக்கும். அது வற்றுவதற்குள் மீனைப் பிடித்து, விற்றது போக மிச்சத்தைக் கருவாடு போட்டால், மணல்மேட்டில் நிற்கும் ஆடுகளுக்குத் தீனி வாங்கலாம். பிடிக்காவிட்டால் ஆடுகளை விற்க வேண்டியதுதான். விற்றுவிட்டால், வற்றிய ஏரியில் புல் எழும்பும்போது அதை மேய எடெல்மிராவிடம் ஒரு குட்டிகூட இருக்காது. இவ்வளவுதான் அவள் கணக்கு, இதில் தவறு ஒன்றும் இல்லை. தவறு போலீஸ் சாவடியில் தொடங்கியது.

சாவடியில் இருந்தவர் சார்ஜண்ட் அகிலார், மலைநாட்டுக்காரர். அவருக்குத் தண்ணீர் என்றால் குவளையில் இருக்க வேண்டும். எடெல்மிராவின் கழுதை வண்டியை நிறுத்தி ஓலையை விலக்கிப் பார்த்தார்.

“இதென்னக்கா?”

“மடவை.”

“எங்க புடிச்சது?”

“என் ஆடு மேயற எடத்துல.”

சார்ஜண்ட் ஒரு மீனைத் தூக்கிப் பார்த்தார். “கடல்ல இப்போ மீன்பிடித் தடைக்காலம், தெரியுமில்ல?”

“தெரியும். அதான் கடலுக்குப் போகல.”

“பாலைவனத்துல மீன் கெடையாதுக்கா. அப்போ இது கடல் மீனு. கடல் மீனுன்னா தடைக்காலத்துல திருடினது.”

“சார்ஜண்ட், கொஞ்சம் திரும்பிப் பாருங்களேன்.”

அவருக்குப் பின்னால் சாவடியின் படிக்கட்டு வரைக்கும் ஏரி வந்திருந்தது. நாரைகள் நின்றன. சார்ஜண்ட் திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்று அவருக்கு உத்தரவு ஒன்றும் இல்லை. திரும்பினால் என்ன எழுதுவது என்பதற்குத்தான் உத்தரவு இல்லை. மீனைப் பறிமுதல் செய்தார். அன்று மதியம் சாவடிப் பக்கம் எலுமிச்சையும் வெங்காயமும் மணந்தன.

பிறகு படகுக்கு வந்தார். வறண்ட நிலத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் வாகனம், படகு, இன்னபிற பொருட்களை முதலில் காண்பவர் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு பழைய சட்டம் இருக்கிறது. பாலைவனத்தில் பழுதாகி நின்ற லாரிகளுக்காக எழுதியது.

“கேட்பாரத்துக் கெடக்குதா? நான் உள்ளதானே உக்காந்திருக்கேன்?” என்றாள் எடெல்மிரா. உண்மையிலேயே உள்ளேதான் உட்கார்ந்திருந்தாள். படகு அலையில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

“வறண்ட நெலத்துல படகுல உக்காந்திருக்கறவங்கள சட்டம் கணக்குல சேர்க்காதுக்கா. எறங்குங்க. பாத்து, ஆழமா இருக்கு.”

பிடிவாதக்காரியைச் சாவடிக் கருவேல மரத்தில் கட்டிப் போட்டார்கள். எடெல்மிரா தினமும் காலையில் வந்து அதைப் பார்த்துவிட்டு, ஏரி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று மரத்து ஈரத்தைப் பார்த்துவிட்டுப் போனாள். யாரிடமும் எதுவும் பேசவில்லை. அவள் பேசாமல் போகும்போதுதான் எனக்குப் பயமாக இருக்கும்.

அந்த வாரம் லிமாவிலிருந்து டாக்டர் ஃபெர்மின் சல்திவார் வந்தார். எங்கள் நாட்டில் பூட்ஸ் சுத்தமாக இருந்தால் இஞ்சினியர், கைவிரல் சுத்தமாக இருந்தால் டாக்டர். இவருக்கு இரண்டும் சுத்தம், அதனால் பெரிய டாக்டர். சட்டைக்கு மேல் பத்துப் பைகள் வைத்த சிவப்புக் கையில்லாச் சட்டை போட்டிருந்தார். முதுகில் உயர்குழுவின் முத்திரை. பைகள் எல்லாம் காலி.

தேவாலயத்தில் கூட்டம் போட்டார்கள். தரையில் இன்னும் சேறு இருந்ததால் நாங்கள் கால்களை பெஞ்சின்மேல் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டோம்.

“அன்பார்ந்த சாந்தா எலேனா மக்களே” என்று தொடங்கினார் டாக்டர். “உங்கள் உணர்வுகளை உயர்குழு மதிக்கிறது. நனைந்துவிட்டதாக நீங்கள் உணர்வது இயல்பு. ஆனால் அறிவியல் உணர்வுகளைப் பார்ப்பதில்லை, செவ்வகத்தைப் பார்க்கிறது. செவ்வகம் நடுநிலையில் இருக்கிறது. நீங்கள் காண்பது ஓரத்து விளைவு. நாட்டின் ஓரங்களுக்கெல்லாம் அறிவிப்பு விட ஆரம்பித்தால் நாளைக்கு நடுப்பகுதியை யார் மதிப்பார்கள்?”

பின் பெஞ்சிலிருந்து கசிமிரோ கேட்டான். “மழை ஆண்டுன்னு அறிவிச்சா என்ன சார் ஆகும்?”

“நல்ல கேள்வி. அறிவித்தால் உடனே ஆற்றைத் தூர்வார வேண்டும். கூரை கொடுக்க வேண்டும். கொசுமருந்து அடிக்க வேண்டும். அதற்கு நிதி வேண்டும். அந்த நிதியை மழை வருவதற்கு முன்பே, முன்னெச்சரிக்கை வாரத்தில், மிகுந்த பொறுப்போடு செலவழித்துவிட்டோம்.” தன் சிவப்புச் சட்டையை அன்போடு தடவிக் கொடுத்தார். “இதுவும் அதில் வந்ததுதான். நிதி இல்லாத ஆண்டில் மழை ஆண்டு என்று அறிவிப்பது மக்களுக்குச் செய்யும் துரோகம். அந்தத் துரோகத்தை என் உயிர் இருக்கும்வரை செய்ய மாட்டேன்.”

முன்வரிசையில் இருந்த ஆசிரியர் கைதட்டினார். அவருக்கு ஒரு சட்டை கொடுத்திருந்தார்கள்.

பிறகு டாக்டர் என் பக்கம் திரும்பினார். இனி ஒலிபெருக்கியில் ‘ஏரி’ என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது, ‘தற்காலிக நிலப் பளபளப்பு’ என்றுதான் சொல்ல வேண்டும் என்றார். சரி என்றேன். மறுநாளே, “தற்காலிக நிலப் பளபளப்பில் திரு. செலஸ்தினோவின் கழுதை நீந்திக்கொண்டிருக்கிறது, உரியவர் வந்து பெற்றுக்கொள்ளவும்” என்று அறிவித்தேன். செலஸ்தினோ வரவில்லை. அவருக்குப் புரியவில்லை. கழுதை தானாகவே கரையேறியது.

கூட்டம் முடிந்ததும் டாக்டர் எடெல்மிராவைக் கூப்பிட்டார். குரலில் அவ்வளவு தயவு.

“உங்க விஷயம் ரொம்பச் சின்னதும்மா. மீனைக் கடல்ல புடிச்சேன்னு ஒரு கைநாட்டு வச்சிருங்க. ஒரு சின்ன அபராதம். சாயங்காலமே படகை ஓட்டிட்டுப் போயிரலாம்.”

“எங்க ஓட்டறது சார்?”

“அது உங்க சொந்த விஷயம்.”

கசிமிரோ அவள் காதில், “வச்சுத் தொலையேன். தண்ணி எறங்கிட்டே இருக்கு” என்றான்.

எடெல்மிரா தன் கட்டைவிரலைப் பார்த்தாள். “திருடியிருந்தா வச்சிருப்பேன் சார். திருடாம எப்படி வைக்கறது? என் புல்லு முங்கினப்ப நீங்க யாரும் வரல. அந்தத் தண்ணி எனக்குத்தான் நஷ்டம்னு விட்டீங்க. இப்போ அதுல மீனு வந்ததும் கடலோடதுங்கறீங்க. நஷ்டம் என்னுதுன்னா மீனும் என்னுதுதான். ஏரின்னு சொல்லுங்க, அபராதம்னு எதைக் கேட்டாலும் தர்றேன். கடல்னு நான் சொல்ல மாட்டேன்.”

“ஏரி என்று நான் சொல்ல முடியாதும்மா. நான் சொன்னால் அது ஏரியாகிவிடும்.”

“அப்போ நீங்களும் சொல்லாதீங்க, நானும் சொல்லல. யாருக்குத் தொண்டை முதல்ல வறளுதுன்னு பாப்போம்.”

இப்படியே போயிருந்தால் ஏரிதான் முதலில் வறண்டிருக்கும். அதற்குள் லிமா பத்திரிகை ஒன்றில் எங்கள் நாரைகளின் படம் வந்துவிட்டது. செச்சூரா பாலைவனத்தில் நாரைகள் எதில் நிற்கின்றன என்று யாரோ கேட்டிருந்தார்கள். உயர்குழு உடனே கூடி, நேரடி வறட்சிச் சரிபார்ப்புக்கு உத்தரவிட்டது. பாலைவனத்தின் மையத்தில் ஓர் இரும்புத் தூண் நட வேண்டும். அதன் தலையில் தகரப் பலகை. பலகையில், ‘வறண்ட நிலம். நீர்நிலை அல்ல.’

மையத்துக்குப் போகப் படகு வேண்டும். ஊரில் இருந்த ஒரே படகு சாவடி மரத்தில் கட்டியிருந்தது. டாக்டர் எடெல்மிராவுக்கு ஆள் அனுப்பினார்.

“நீங்களே ஓட்டிட்டு வந்தா நல்லா இருக்கும். வழி தெரிஞ்சவங்க.”

“வறண்ட நெலத்துல எனக்குப் படகு ஓட்டத் தெரியாது சார்” என்றாள் அவள். “மரங்க முங்கிக் கெடக்கற எடமெல்லாம் தெரியும். ஆனா முங்கறதுக்குத்தான் அங்க ஒண்ணும் இல்லையே.”

சார்ஜண்ட்தான் கூடப் போக வேண்டியதாயிற்று. நகராட்சியிலிருந்து மோட்டார் கொண்டு வந்து மாட்டினார்கள். பள்ளிக்கூட வாத்தியக் குழு நாட்டுப்பண் வாசித்தது. நான் வாழ்த்துரை அறிவித்தேன். கரையில் யாரோ டாக்டருக்கு ஒரு மிதவைச் சட்டையை நீட்டினார்கள். அவர் கையெடுத்து மறுத்துவிட்டார். வறட்சிச் சரிபார்ப்புக்கு மிதவைச் சட்டையோடு போன அதிகாரி என்று நாளைக்கு எழுதுவார்களே. சார்ஜண்ட் அதைப் பறிக்காத குறையாக வாங்கி மாட்டிக்கொண்டார்.

மோட்டார் சத்தம் மெல்லத் தேய்ந்தது. தூரத்தில் தூண் எழும்புவதைப் பார்த்தோம். சம்மட்டி அடிக்கும் சத்தம் தண்ணீர்மேல் தெளிவாக வந்தது. பிறகு மோட்டார் திரும்ப உறுமியது, இருமியது, நின்றுவிட்டது. மத்தியானக் காற்று தொடங்கும் நேரம் அது. எங்கள் பக்கத்துக் காற்று வந்தால் ஏரியில் அலை மடங்கி மடங்கி விழும்.

கொஞ்சநேரத்தில் என் போன் அடித்தது. டாக்டர். நான் வழக்கம்போல் போனை மைக்கின் வாயில் வைத்தேன். இதில் கெட்ட எண்ணம் இல்லை, எல்லாருக்கும் செய்வதுதான்.

“இலாரியோ, யாரையாவது உடனே அனுப்புங்க. மோட்டார்ல கிளை சிக்கிக்கிச்சு.”

ஊர் முழுக்க அவர் குரல் கேட்டது. எடெல்மிரா என் ஜன்னலுக்கு வந்துவிட்டாள். எட்டி மைக் பக்கம் குனிந்தாள்.

“எங்க இருக்கீங்க சார்?”

“நடுவுல.”

“எதுக்கு நடுவுல?”

 டாக்டர் கவனமாகச் சொன்னார். “பாலைவனத்துக்கு நடுவுல.”

“அப்போ என்ன கஷ்டம் சார்? எறங்கி நடந்து வாங்க.”

பின்னாலிருந்து சார்ஜண்டின் குரல் பாய்ந்து வந்தது. “ஏரிக்கா. ஏரி. ஏரிக்கு நடுவுல இருக்கோம். படகுல தண்ணி ஏறுது. எத்தனை தடவை வேணா சொல்றேன், ஏரி.”

“சார்ஜண்ட் சொன்னது அவருடைய தனிப்பட்ட கருத்து” என்றார் டாக்டர். “அது பதிவாகாது.”

எடெல்மிரா மைக்கை விட்டு நகர்ந்தாள். “வாடா” என்றாள் கசிமிரோவிடம். டிராக்டர் டியூப்களைக் கட்டி மேலே பலகை போட்ட தெப்பம் ஒன்று அவர்களிடம் இருந்தது. “அந்தாள் எப்படிப்பட்டவனா இருந்தாலும் தண்ணில விட முடியாது.”

“அவன்தான் தண்ணியே இல்லைங்கறானே.”

“அவனுக்கு இல்ல. நமக்கு இருக்கு.”

அவர்கள் துடுப்புப் போட்டுப் போனார்கள். பிறகு நடந்ததை நாங்கள் பாதி கண்ணாலும் பாதி ஒலிபெருக்கியிலும் தெரிந்துகொண்டோம், ஏனென்றால் டாக்டர் போனை அணைக்கவில்லை, நானும் அணைக்கவில்லை. முதலில் அவர் இன்னொரு போனில் லிமாவை அழைத்தார். செவ்வகம் எப்படி இருக்கிறது என்று கேட்டார். அப்படியேதான் இருக்கிறது என்றார்கள் போல. சரி என்றார். தொபுக்கென்று ஒரு சத்தம். டாக்டர் சல்திவார் படகிலிருந்து இறங்கிவிட்டார்.

தூண் நட்ட இடம் கொஞ்சம் மேடு, தண்ணீர் அவருக்கு மார்பு வரைதான் இருந்தது. ஒரு கையில் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கரையை நோக்கி நடக்க ஆரம்பித்தார். பத்துப் பைகளும் நிறைந்து சிவப்புச் சட்டை அவரைச் சுற்றிப் பொங்கி நின்றது. முதல் தடவையாக அந்தப் பைகளில் ஏதோ இருந்தது. எடெல்மிரா தெப்பத்தை அவர் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு வந்தாள்.

“ஏறிக்கங்க சார்.”

“நன்றி, வேண்டாம். நான் நடக்கிறேன்.”

“ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டு ஏறிக்கங்க. சொல்லலன்னாலும் ஏறிக்கங்க, நான் கேக்க மாட்டேன்.”

“ஏறினால் சொன்னது மாதிரி ஆகிவிடும்மா.” மூச்சு வாங்கியது அவருக்கு. “தரை கொஞ்சம் மென்மையாக இருக்கிறது. அவ்வளவுதான்.”

“முன்னாடி ஒரு பள்ளம் இருக்கு சார். என் ஆடுங்க தூங்கற எடம். இடப்பக்கம் வாங்க.”

“வரைபடத்தில் பள்ளம் எதுவும் இல்லை” என்றார் டாக்டர். அதோடு போன் அடங்கிவிட்டது.

நாங்கள் கரையிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தோம். சிவப்புச் சட்டை மட்டும் மேலே தெரிந்தது, பிறகு தலை தெரிந்தது, பிறகு இரண்டு கைகள் மாறி மாறித் தெரிந்தன. மனிதர் நன்றாகவே நீந்தினார், அதைச் சொல்லத்தான் வேண்டும். எடெல்மிரா துடுப்பைக் கை நீளத்தில் நீட்டிக்கொண்டே கூட வந்தாள், அவர் அதைத் தொடவே இல்லை. உயர்குழுவின் அறிக்கையில் இந்தப் பகுதியை இப்படி எழுதியிருந்தார்கள்: ‘சரிபார்ப்பு அதிகாரி வறண்ட நிலத்தின் இறுதிப் பகுதியைக் கிடைநிலையில் கடந்தார்.’

கரையேறியவரிடம் யாரோ துண்டு நீட்டினார்கள். எதற்கு என்று கேட்டார். அவருடைய மேல்பை ஒன்றிலிருந்து ஒரு மடவைக் குஞ்சு துள்ளி மணலில் விழுந்தது. அவர் அதைப் பார்க்காமல் வண்டியில் ஏறி லிமாவுக்குப் போய்விட்டார். வாத்தியக் குழு இன்னொரு தடவை நாட்டுப்பண் வாசித்தது. யாரும் போகச் சொல்லாததால் அவர்கள் அதுவரை காத்திருந்தார்கள்.

எடெல்மிரா திரும்ப நடுவுக்குப் போனாள். பிடிவாதக்காரி தூணோடு ஒட்டி ஆடிக்கொண்டிருந்தது. சார்ஜண்ட் அகிலார் மிதவைச் சட்டையோடு தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய தலைக்கு மேல் ‘வறண்ட நிலம்’ என்ற பலகை.

“டாக்டர் எங்கக்கா?”

“நடந்தே போயிட்டாரு.”

சார்ஜண்ட் நாலு பக்கமும் பார்த்தார். இந்தத் தடவை நன்றாகத் திரும்பிப் பார்த்தார். “அப்போ இந்தப் படகு வறண்ட நெலத்துல கேட்பாரத்துக் கெடக்கு” என்றார் மெதுவாக. “மொதல்ல பாத்தவங்க எடுத்துக்கலாம்னு சட்டம். நீங்கதான் மொதல்ல பாத்தீங்க. நானும் கேட்பாரத்துத்தான் கெடக்கேன். என்னையும் எடுத்துக்கங்க.”

அன்றிலிருந்து, வெயில் ஏரியை விட்டுவைத்தவரைக்கும் அவர்கள் மீன் பிடித்தார்கள். நடு ஏரியில் படகைக் கட்ட இடமில்லை என்று கசிமிரோ முன்பெல்லாம் குறைப்படுவான். இப்போது அரசாங்கத் தூணில் கட்டினான். பாசி பிடித்த தூணைச் சுற்றி மீன் கூடியது. நானும் பளபளப்பை விட்டுவிட்டேன். “புதுமீன், ஏரி மீன், அரசாங்கம் வறண்ட நிலம் என்று பலகை வைத்த இடத்தில் இன்று காலை பிடித்தது” என்று தினமும் அறிவித்தேன். அந்த அறிவிப்புக்காகவே பக்கத்து ஊர்களிலிருந்து வந்து வாங்கினார்கள். ஒரு ஆடுகூட விற்கப்படவில்லை.

குளிர்காலம் வந்தது. கடல் பழையபடி சில்லென்று ஆனது, நெத்திலி எதுவும் நடக்காதது போலத் திரும்பி வந்தது. ஏரி வற்றிப் போன இடத்தில் முழங்கால் உயரத்துக்குப் புல் எழும்பியது. பிடிவாதக்காரி தூணுக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. ஆடுகள் தூணில் முதுகைச் சொறிந்துகொண்டன. அப்போதுதான் செவ்வகத்தின் சராசரி கோட்டைத் தாண்டியது.

நான் அந்த அறிவிப்பைப் புழுதி பறக்கும் அறையில் நின்று வாசித்தேன். “நடப்பு ஆண்டு மழை ஆண்டு என உயர்குழு அறிவிக்கிறது. செச்சூரா பகுதியில் ஏரி உருவாக வாய்ப்புள்ளது. மூழ்கும் அபாயம் கருதி, வரைபடத்தில் நீல நிறமிட்ட பகுதிக்குள் மனிதரோ கால்நடையோ இறங்குவது தடை செய்யப்படுகிறது. மீறுவோர் கைது செய்யப்படுவர்.” கூடவே சாவடிக்கு ஒரு லாரி நிறைய மிதவைச் சட்டைகள் வந்து இறங்கின.

நீல நிறமிட்ட பகுதி எடெல்மிராவின் புல்வெளி. அந்தப் புல்லுக்காகத்தான் அவள் ஆடுகளை விற்காமல் காப்பாற்றினாள்.

அவள் வந்து என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“உயர்குழுவுக்கு எடெல்மிரா யார்லெக்கே சொல்லிக்கறது” என்றாள். “நீங்க இல்லைன்னு சொன்னப்ப நான் ஏரில எறங்கினேன். இப்போ இருக்குன்னு சொல்றீங்க, இப்பவும் எறங்கப் போறேன். நாளைக்குக் காலைல என் ஆடுங்க எல்லாம் ஏரிக்குள்ள போகுது. முங்கிருமோன்னு பயமா இருக்கறவங்க வந்து கரையில நில்லுங்க. டாக்டர் சல்திவார் வந்தா ரொம்ப சந்தோஷம். அவரு ஏற்கெனவே நீந்திப் பழகின எடம்.”

மறுநாள் காலை சார்ஜண்ட் அகிலார் கைது செய்ய வந்தார். உத்தரவுப்படி மிதவைச் சட்டை போட்டிருந்தார். புல்வெளி ஓரத்தில் நின்று ஆடுகள் ஒவ்வொன்றாக உள்ளே போவதைப் பார்த்தார். பிறகு அந்தச் சட்டையைக் கழற்றி, கடைசியாகப் போன கிடாவின் கழுத்தில் மாட்டிவிட்டார்.